தொய்வு

சோப்பாவில் நவம்பர்ச் சனிக்கிழமை.
ஆற்றுக்கு மேலே, ரோனியின் கராஜுக்குள்
எங்கள் மூச்சு புகைகிறது.
பின்சக்கரம் தரை தொடாமல்
மரப்பெட்டிமேல் நிற்கிறது வண்டி,
பிடரியைப் பிடித்துத் தூக்கிய பூனை மாதிரி.

ஆக்ஸில் நடுவிலிருந்து
மட்கார்டில் பென்சிலால் இட்ட கோடு வரைக்கும்
அறுநூற்றுப் பத்து மில்லிமீட்டர்.
ரோனி சொல்லச் சொல்ல
ரொட்டிப் பையின் முதுகில் எழுதுகிறான் துவாரகன்.
இறக்கினோம்.
தன் கனத்தில் தானே அமர்ந்தது.
ஐந்நூற்று எண்பத்தெட்டு.

"எடை?" என்றார் ரோனி.
ஐம்பத்தாறு என்றேன்.
பூட்ஸ், ஹெல்மெட், முதுகில் தண்ணீர்ப் பை
எல்லாம் மாட்டிக்கொண்டு
உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில்
ஏறச் சொன்னார்.
எழுபதில் நின்றது முள்.
எழுதும்போது துவாரகன் இருமினான்.
மனிதரிடம் சொன்ன பொய் எங்கேயாவது தங்கிவிடும்.
ஸ்பிரிங்கிடம் சொன்னது
முதல் பள்ளத்திலேயே
முதுகெலும்புக்குத் திரும்பி வரும்.

ஏறி, ஒருமுறை குதித்து, மெல்ல அமர்ந்தேன்.
மூச்சை விடு என்றார். விட்டேன்.
ஐந்நூற்று நாற்பத்திரண்டு.
கழித்தால் அறுபத்தெட்டு.
நூறாவது தொய்ய வேண்டும்.

இதை எனக்கு விற்றவர்
மரியன்பெர்க்கில் இறைச்சிக்கடைக்காரர்.
தொண்ணூற்றைந்து கிலோ, சிரித்த முகம்.
ஒரு கீறல்கூட இல்லை என்றார்.
உண்மைதான், கீறல் இல்லை.
அவர்தான் இன்னும் அதில் உட்கார்ந்திருந்தார்.
போன மாதம் மண்குழியில்
வேருக்கு வேர் என்னை எட்டி உதைத்தது
அவருடைய கனம்.

பித்தளைக் குச்சியும் சுத்தியலுமாய்
ரிங்கைத் தளர்த்தினார் ரோனி.
டங். டங். ஆறு சுற்று.
மறுபடி டேப்.
தனியே நின்றால் நாற்பத்தெட்டு தொங்குகிறது.
நான் ஏறினாலோ
தொண்ணூற்றிரண்டோடு விறைத்துக்கொள்கிறது.
"இன்னும் ரெண்டு சுத்து?" என்றான் துவாரகன்.
ரிங் உயரத்தை மாற்றும்,
குணத்தை மாற்றாது என்றார் ரோனி.
"அப்போ ஸ்பிரிங்கே மாறணுமா?"
"நூ."
இந்த ஊரில் நூ என்றால் ஆமாம்.
வந்த புதிதில் அதை 'நோ' என்று கேட்டு
ஒரு வாடகை வீட்டையே விட்டுவிட்டோம்.

அடி டிராயரில், எண்ணெய்த் துணியில் சுற்றி
ஒரு வெள்ளை ஸ்பிரிங்.
பழையதில் நாற்பத்தெட்டு என்று பொறித்திருந்தது,
இதில் முப்பத்தாறு.
கடைசிச் சுருளில்
சிவப்பு நகப்பூச்சால் ஓர் எழுத்து.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
விலை கேட்டேன்.
பிறகு பார்க்கலாம் என்றார்.
துணியை மட்டும் நாலாக மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தனியே நாற்பது. என்னோடு நூற்றிரண்டு.
ரீபவுண்ட் திருகை முழுக்க மூடி
பதினாலு கிளிக் திறக்க வேண்டும்.
பதின்மூன்றா பதினாலா என்று சண்டை வந்து
மூடி, முதலிலிருந்து எண்ணினோம்.
விரல் மரத்துப்போன குளிரில்
கிளிக் காதுக்குக் கேட்கவில்லை,
மணிக்கட்டுக்குத்தான் கேட்டது.

மூன்று மணிக்கே இருட்டப் பார்க்கிற மண்குழி.
ராத்திரி மழையில் ஊறிய தடம்.
வேர் வந்தது.
போனது.
அவ்வளவுதான்.
திரும்பிப் பார்த்தேன், அதே வேர்தானா என்று.
பார்த்ததில் அடுத்த வளைவில் விழுந்தேன்.
அதற்கு எந்த ஸ்பிரிங்கும் பொறுப்பில்லை.

சேறு வழியத் தள்ளிக்கொண்டு வந்தபோது
ஒரே ஒரு ரவுண்ட் என்று
ஏறி உட்கார்ந்தான் துவாரகன்.
எண்பத்தெட்டு கிலோ, சாப்பாட்டுக்கு முன்னால்.
பின்பக்கம் முனகி இறங்கி
டயர் மட்கார்டைத் தொடப் பார்த்தது.
ஹெட்லைட்
பைன் மரத்து உச்சியில் எதையோ தேடியது.

இறங்கு, என்றேன்.